ஏரியின் வயது

ஓர் இடத்தின் அழகுக்கு யாரோ சிலரின் இழப்புதான் காரணம் என்று தெரிந்த பிறகும் அதை ரசிக்கலாமா? துருக்கியிலுள்ள ஹல்ஃபெத்திக்குப் போய் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஹல்ஃபெத்தி, யூப்ரடீஸ் கரையிலுள்ள பழைய ஊர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் சுண்ணாம்புக்கல் வீடுகள். கீழே அசையாத பச்சைத் தண்ணீர். படகில் போனால் சவாஷான் கிராமம் வரும். அங்கே பள்ளிவாசல் மூழ்கிக் கிடக்கிறது. மினாராவின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. படகு நெருங்கியதும் எல்லாரும் ஃபோனைத் தூக்கினோம்.

கல் பழசு. ஏரி பழசில்லை. 2000ஆம் ஆண்டில் பிரெஜிக் அணை தண்ணீரைத் தேக்கியபோது உருவானது அது. ஊரின் தாழ்வான பகுதியும் நதியோரத் தோட்டங்களும் மூழ்கின. பலர் மேட்டில் கட்டப்பட்ட புது ஹல்ஃபெத்திக்குக் குடிபெயர்ந்தார்கள். காலங்காலமாக இப்படியே இருந்தது போல் மனம் சொக்கிப்போகும் அந்தக் காட்சிக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். சவாஷானில் நம்மை மயக்கும் அமைதியும் ஆட்கள் வெளியேறியதால் வந்த அமைதி.

நண்பனிடம் சொன்னேன். "அணை கட்டுனா கரண்டு வருது, வயலுக்குத் தண்ணி வருது. நீ போகலைன்னா மூழ்கின வீடு மேல வந்துடுமாடா? படகு ஓட்டுறவன் பொழப்புதான் கெடும்" என்றான்.

அதை மறுக்க முடியாது. ஆனால் அது போகலாமா வேண்டாமா என்பதற்கான பதில். போன பிறகு எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி.

அதே அணைநீர் ஸியூக்மா என்ற பழைய நகரின் ஒரு பகுதியையும் மூழ்கடித்தது. அங்கிருந்த ரோமானியர் காலத் தரைச்சித்திரங்களை அவசர அவசரமாகத் தோண்டி எடுத்தார்கள். இன்று அவை காஸியான்தெப் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஒரு கிராமத்து வீட்டின் அடுப்படித் தரையை யாரும் பெயர்த்தெடுத்துக் காப்பாற்றுவதில்லை. அதில் நடந்தவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் அது வரலாறு ஆகவில்லை போலும்.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. தெரெங்கானுவின் கென்யிர் ஏரி, 1985இல் கட்டி முடித்த அணையால் வந்தது. பட்டுப்போன மரங்களின் நுனிகளுக்கு நடுவே படகுவீட்டில் போகிறோம். அங்குள்ள தீவுகள் ஒரு காலத்தில் மலையுச்சிகள்.

ரசிக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த பிறகும் அந்த மினாரா அழகாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். உண்மை தெரிந்தால் அழகு தானாகக் குறைந்துவிடும் என்றால் நம் வேலை சுலபம். அப்படிக் குறையாததால்தான் விசாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. 'இந்த ஏரிக்கு எத்தனை வயசு? இங்க இருந்தவங்க எங்க போனாங்க?' என்று கேட்டுவிட்டுப் படம் எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம்.