விண்வெளிக்கும் ஒரு படை வேண்டுமா?



தரைக்கு ஒரு படை, கடலுக்கு ஒரு படை, வானுக்கு ஒரு படை என்பது நாமெல்லாரும் அறிந்த ஒழுங்கு. நமது நாடும் சுதந்திரம் பெற்ற கையோடு, 1949இல் தரைப்படையையும் 1950இல் கடற்படையையும் 1951இல் விமானப்படையையும் அமைத்துக்கொண்டது. இப்பொழுது பெரிய நாடுகள் அதற்கும் மேலே பார்க்கின்றன. அமெரிக்கா 2019 டிசெம்பர் 20இல் விண்வெளிப் படையைத் தனிப் படையாகவே நிறுவிவிட்டது. ருஷ்யா 2015இல் விமானப்படையையும் விண்வெளிப் பிரிவையும் ஒன்றாக்கியது. பிரான்சு 2020இல் தன் விமானப்படையின் பெயரோடு விண்வெளியையும் சேர்த்துக்கொண்டது. அயலிலுள்ள இந்தியாவோ தனிப் படை வேண்டாமென்று, முப்படையினரும் சேர்ந்து பணிபுரியும் பாதுகாப்பு விண்வெளி முகவரகம் ஒன்றை 2019இல் பெங்களூரில் தொடங்கியது.

இதெல்லாம் வல்லரசுகளின் கவலை, ஆனையிறவுக்கு இப்பால் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குருநகரிலோ பாசையூரிலோ இரவில் தொழிலுக்குப் போகும் வள்ளத்தை எண்ணிப் பாருங்கள். திசையறியவும், எல்லைக்கோட்டைத் தாண்டாதிருக்கவும், விட்ட வலையைத் தேடிப் பிடிக்கவும் அணியத்திலிருப்பவர் கையில் ஒரு ஜீ.பி.எஸ். கருவி இருக்கிறது. அக்கருவிக்கு வழி சொல்லும் செய்மதிகளை இயக்குவது யார்? அந்த அமெரிக்க விண்வெளிப் படைதான்! இராணுவத் தேவைக்கென்று தோன்றிய ஏற்பாடு அது. 1983இல் வழிதவறிச் சென்ற தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்திய பின்னர்தான், பொதுமக்களுக்கும் அது கிடைக்கும் என்று அமெரிக்க சனாதிபதி றேகன் அறிவித்தார். பொதுமக்களுக்குச் செல்லும் சைகையை வேண்டுமென்றே சற்றுப் பிசகாக அனுப்பி வந்த வழக்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கைவிடப்பட்டது. ஆகவே, எவருடைய தயவில் நமது வள்ளங்கள் கரைசேருகின்றன என்பது நமக்கும் உரிய கேள்வியே.

தனிப் படை வேண்டும் என்பாரின் நியாயத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். சூறாவளி வருமுன் எச்சரிப்பது செய்மதி. வங்கிக் கணக்கும் தொலைபேசியும் கப்பலும் விமானமும் அதையே நம்பி நிற்கின்றன. இத்தகைய ஒன்றைக் காவலின்றி விடலாமா? மேலும், அமெரிக்க விண்வெளிப் படையென்றவுடன் நட்சத்திரங்களுக்கிடையே துவக்கோடு பறக்கும் வீரர்களைச் சிறுவர்கள் கற்பனை செய்யக்கூடும். உண்மையில் அது ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கொண்ட சிறிய படை. அவர்கள் தரையில் மேசைமுன் அமர்ந்து செய்மதிகளை இயக்குகிறார்கள், விண்ணில் சுற்றும் உடைந்த துண்டுகளைக் கணக்கெடுக்கிறார்கள், ஏவுகணை கிளம்புகிறதா என்று கண்காணிக்கிறார்கள். இதில் பாவம் என்ன இருக்கிறது? காவற்காரன் இருப்பது குற்றமன்று.

ஆனால் காவல் ஒன்று, படை வேறொன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் முதலாவது தனி விமானப்படையைப் பிரித்தானியர் 1918 ஏப்றில் 1இல் அமைத்தனர். அதற்கு முன் தரைப்படையும் கடற்படையும் ஆளுக்கொரு பறக்கும் பிரிவை வைத்துக்கொண்டு, விமானத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. 1917இல் ஜெர்மன் விமானங்கள் இலண்டனில் குண்டு போட்டபோது, ஜெனரல் ஸ்மட்ஸ் என்பவர் தனிப் படை வேண்டுமென்று அறிக்கை எழுதினார். வருங்காலப் போரில் பகைநாட்டின் தொழில் நகரங்களையும் மக்கள் செறிந்த இடங்களையும் வானிலிருந்து அழிப்பதே பிரதான வேலையாகலாம் என்றும் அவ்வறிக்கையில் கண்டிருந்தார். தரைப்படைக்கு உதவி செய்வது மட்டுமே வேலையென்றால் தனிப் படை எதற்கு? தனியே நிற்க வேண்டுமாயின் தனக்கேயுரிய ஒரு போர்முறை அதற்குத் தேவைப்பட்டது. நகரங்களைக் குண்டுவீசி அழிப்பதே அந்தப் போர்முறையாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஹம்பேர்க்கும் திறெஸ்டெனும் எரிந்தன.

வானிலிருந்து வருவது எதுவென்று யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதை இங்கே குறிப்பிடுவது பழங்கணக்கைக் கிளறுவதற்கன்று. ஒரு படையைத் தனியே பெற்றெடுக்கும்போது அதற்குக் கட்டிடமும் சீருடையும் கொடியும் மட்டும் கொடுக்கிறோம் என்று எண்ணுகிறோம். அதற்கொரு பகைவனையும் கொடுக்கவேண்டி வருகிறது என்பதைச் சொல்வதற்கே.

விண்ணில் அந்தப் போர்முறை எப்படியிருக்கும் என்பதற்கு அடையாளங்கள் ஏற்கெனவே உண்டு. 2007 சனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செய்மதியொன்றை ஏவுகணையால் தகர்த்தது. கணக்கில் வந்த துண்டுகள் மாத்திரம் மூவாயிரத்துக்கு மேல். அவற்றுட் பல இன்றும் சுற்றுகின்றன. 2019 மார்ச் 27இல் இந்தியாவும், ஒடிசாக் கரையோரத் தீவொன்றிலிருந்து ஏவிய ஏவுகணையால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில் தன் சொந்தச் செய்மதியைத் தகர்த்தது. தாழ்ந்த உயரமாதலால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் விழுந்து எரிந்தன. ஆயினும் சில மேலே எறியப்பட்டு நெடுநாள் சுற்றித் திரிந்தன. 2021 நவம்பரில் ருஷ்யா செய்த பரிசோதனையின்போது, விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், அவர்களுள் ருஷ்யரும் அடக்கம், தங்கள் ஓடங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது.

போரிலும் போராளி வேறு, குடிமகன் வேறு என்று பிரித்தறிய வேண்டும் என்பது திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்து வருவது. செக்கனுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் இரும்புத் துண்டு எதைப் பிரித்தறியும்? பகைவனின் வேவுச் செய்மதியும் நமது சூறாவளி எச்சரிக்கைச் செய்மதியும் அதற்கு ஒன்றே. எய்தவனுக்கும் அந்த அம்பைத் திரும்ப அழைக்க இயலாது.

1967இல் உருவான விண்வெளி உடன்படிக்கை அணுவாயுதங்களை விண்ணில் சுற்றவிடக் கூடாதென்று தடுத்தது. சந்திரனை அமைதிக்கென்றே ஒதுக்கியது. சாதாரண ஆயுதங்களைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டுமென்று ஐ.நா. பொதுச்சபையில் ஆண்டுதோறும் ஒரு தீர்மானம் வருகிறது. அதை மாறிமாறி முன்வைப்பவை இரு நாடுகள்: ஒன்று எகிப்து, மற்றது இலங்கை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்துச் சென்ரிமீற்றர் பெட்டியளவான ‘இராவணா-1’ என்ற சிறு செய்மதியை 2019இல் யப்பானியரின் துணையோடு அனுப்பிய நாடு இது. விண்வெளிப் படை அமைக்க நமக்கு வசதியுமில்லை, தேவையுமில்லை. மேசையில் இடமுண்டு.

ஆகவே என் எண்ணம் இதுதான். செய்மதிகளை நம்பி வாழும் நாடு அவற்றைக் காக்க ஆட்களைப் பயிற்றுவிக்கட்டும். இந்தியா 2019இல் செய்ததுபோல, இருக்கும் படைகளுக்குள்ளேயே ஒரு கூட்டு அலுவலகம் அதற்குப் போதும். தன் வரவுசெலவுக்காகத் தானே வாதாடும் நான்காவது படை வேண்டாம்.

திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் மீனவக் கிராமம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் விக்கிரம் சாராபாய் றொக்கற் தளத்துக்கு இடம் தேடி வந்தபோது, ஆயர் பீற்றர் பெர்னாட் பெரேரா பங்கு மக்களின் இசைவோடு, அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயத்தையே கொடுத்தார். மக்கள் வீடுகளை விட்டு வேறிடம் போனார்கள். மேல்வானத்துக் காற்றையும் மின்னோட்டத்தையும் ஆராயவென்று 1963 நவம்பர் 21இல் முதல் றொக்கற் அங்கிருந்து எழுந்தது. 2019இல் தகர்க்கப்பட்ட செய்மதியைச் சுமந்து சென்றதும் அந்த வழியில் வளர்ந்த நிறுவனத்தின் றொக்கற்றே.

இப்பொழுது தூத்துக்குடி மாவட்டத்தில், மணப்பாட்டுக்கு அண்மையில், குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு தளம் எழுகிறது. 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். சிறீகரிக்கோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் றொக்கற்றுகள் நமது தீவின்மேல் பறக்காதபடி வளைந்து போகவேண்டியிருப்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தார்களாம். புனித சவேரியார் நடந்த கரை அது. 1544இல் மன்னார் மக்களுக்கு வேதம் வந்ததும் அங்கிருந்துதான். அங்கேயும் கடற்றொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தத் தளத்திலிருந்து எதையெதை ஏவுவார்கள் என்று கேட்கும் உரிமை, தும்பாவில் ஆலயத்தைக் கொடுத்தவர்களுக்குப் போலவே, அவர்களுக்கும் உண்டு.