காக்கும் தீ: ஈரநில மேலாண்மையில் ஓர் அறவினா

முன்னுரை

ஓர் உயிரைக் காக்கும்பொருட்டுப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யலாமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினா இன்று வனவுயிர் மேலாண்மையில் புதிய வடிவில் எழுகின்றது. அசாமில், குவஹாட்டி நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில் அமைந்தது பொபிதோரா சரணாலயம். அங்குக் குளிர்காலத்தில் புல் காய்ந்தபின் வனத்துறையினரே புல்வெளிக்குத் தீயிடுகின்றனர். இச்செயல் அறத்தின்பாற்படுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீயிடுதலின் தேவை

சுமார் 39 சதுர கி.மீ. பரப்புடைய இச்சரணாலயத்தில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 107 ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. முற்றி உலர்ந்த நாணல் அவற்றுக்கு நல்லுணவாவதில்லை. எரித்தபின் துளிர்க்கும் இளம்புல்லே அவற்றின் விருப்ப உணவாகும். எரிக்காவிடின் மரஞ்செடிகள் பரவிப் புல்வெளி காடாக மாறும்; நீர்நிலைகளும் மக்கிய தாவரங்களால் தூர்ந்துபோகும்.

இயற்கையை அதன் போக்கிலேயே விட்டுவிடலாமே எனச் சிலர் வினவலாம். ஆற்றங்கரைகள் கரையணைகளால் கட்டுண்டு, சுற்றிலும் ஊர்கள் நெருங்கிவிட்ட இச்சிறு நிலத்தில் இயற்கைக்கெனத் தனிப்போக்கு பெரிதும் எஞ்சவில்லை. எனவே, தீயிடாமையும் ஒரு செயலேயாகும். அதனாலும் உயிர்கள் அழியும். வாளாவிருத்தல் பழியினின்று நம்மை நீக்கிவிடாது.

தீயினால் நேரும் கேடு

எனினும், தீயின் கொடுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. காசிரங்கா, மானஸ் ஆகிய காடுகளின் புல்வெளிகளில் வாழும் வங்காள வரகுக்கோழி தரையில் முட்டையிடுவது. மார்ச்சு மாதத்தில் அதன் இனப்பெருக்கக் காலம் தொடங்குகின்றது. காலந்தாழ்த்தி இடப்படும் தீ கூடுகளை அழித்துவிடும். உயர்ந்த புல்லையே உறைவிடமாகக் கொண்ட குள்ளக் காட்டுப்பன்றியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அவ்விலங்கு, 1971ஆம் ஆண்டில் பர்னதிக் காட்டுப் புல்வெளித் தீக்கு அஞ்சி ஓடித் தேயிலைத் தோட்டத்தில் புகுந்தபோதே மீண்டும் அறியப்பட்டது. காண்டாமிருகத்திற்கு உணவளிக்கும் தீ பன்றிக்கு வீடில்லாமற் செய்கின்றது.

களையெடுப்பு என்னும் உவமை

செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரின் களையெடுப்போடு ஒப்பிடுகின்றார். முழுமையின் நன்மைக்காகப் பகுதியை நீக்கலாம் என்போர் இவ்வுவமையைத் துணைக்கொள்ளக்கூடும். ஆனால் அங்கு நீக்கப்படுவோர் குற்றம் புரிந்தோர். கூட்டிலிருக்கும் குஞ்சு எக்குற்றமும் புரியவில்லை. ஆகவே தீயிடுதலைக் களையெடுப்பாகக் கருதுதல் பொருந்தாது. வேறு வழியின்மை ஒன்றே அதற்குரிய நியாயமாக எஞ்சுகின்றது. அந்நியாயம் செயலுக்கு இடமளிக்கின்றது. தீங்கினைக் குறைக்கும் கடமையிலிருந்து செய்வோரை விடுவிப்பதில்லை.

ஒரே தீக்கு இரு பெயர்கள்

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடை செய்கின்றது. இளம்புல் வேண்டி மாடு மேய்ப்பவர் வைக்கும் தீ குற்றமாகின்றது. அதே இளம்புல் வேண்டித் துறையினர் வைக்கும் தீயோ மேலாண்மை எனப்படுகின்றது. இவ்வேறுபாடு அதிகாரத்தை மட்டும் சார்ந்ததாயின் அறம் அங்கில்லை. காலமறிதல், அளவறிதல், விளைவுக்குப் பொறுப்பேற்றல் ஆகியவற்றில் வேறுபாடு வெளிப்படவேண்டும்.

காண்டவ வனம் தரும் அளவுகோல்

மகாபாரதத்தின் காண்டவ தகனத்தை வில்லிபுத்தூரார் தனிச் சருக்கமாகத் தமிழில் பாடியுள்ளார். அங்குக் காடு எரிந்ததோடு அமையவில்லை. தப்பியோட முயன்ற உயிர்களைக் கண்ணனும் அர்ச்சுனனும் வழிமறித்தனர். வியாசரின் கதைப்படி தப்பியோர் அறுவர் மட்டுமே. அந்நிகழ்ச்சியில் நம்மை நடுங்கச் செய்வது தீ மட்டுமன்று, வழியடைத்தலுமாகும்.

இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். நாற்புறமும் சூழ எரிக்காமல் ஒருபுறத்திலிருந்து எரித்தல், அடுத்தடுத்த துண்டுகளை வெவ்வேறு ஆண்டுகளில் எரித்தல், எரியாத புதர்களைப் புகலிடமாக விடுதல், கூடு கட்டும் பருவத்திற்கு முன்பே பணியை முடித்தல் ஆகியன வழி திறந்து வைக்கும் முறைகளாம். புகையை நுகரவிருக்கும் ஊராருக்கு முன்னறிவித்தலும் இதனுள் அடங்கும்.

புல் உலரும் காலம் குறுகியது, ஆட்களும் போதார், எனவே ஒரே முறையில் எரிப்பதே இயலும் என்பது நடைமுறை சார்ந்த மறுப்பு. இதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் மனிதர் மிச்சப்படுத்தும் உழைப்புக்கு ஈடாக உயிரை இழப்பவை புல்வெளி உயிர்களே என்பதால், ஆட்பற்றாக்குறையை வேறு வழியின்மை எனக் கொள்ளுதல் தகாது.

முடிவுரை

மனிதனால் குறுக்கப்பட்ட ஈரநிலத்தில் திட்டமிட்ட தீயிடல் சில வேளைகளில் கடமையாகின்றது. எனினும், அதன் அறத்தகுதி நோக்கத்தால் மட்டும் அமைவதன்று. எரிந்த பரப்பைக் கணக்கிடுவது போலவே எரிந்த உயிர்களையும் எண்ணிப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவே அடுத்த ஆண்டுத் தீயின் அளவையும் காலத்தையும் முடிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு எண்ணப்படாத தீயை, அதனை இட்டவர் யாராயினும், காக்கும் தீ எனக் கூறுதல் பொருந்தாது.