பெயரில்லாமல் வருகிறவர்

மேகம் இறங்கிவிட்டது. குருடிமலையின் மேல் பாதி இல்லை. கீழ்ப் பாதி மட்டும் நீலமாக நிற்கிறது.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குரல். "மழ வருமாட்ட இருக்குதுங்க."

வரலாம்.

மடியில் பிரதாப முதலியார் சரித்திரம். 1879-ல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர் என்பது அந்த ஒரு மதிப்பெண்ணுக்குத் தேவைப்படுவதில்லை.

கதைக்கும் தேவைப்படவில்லை.

சத்தியபுரி என்று ஓர் ஊர். முதலியார் வீடு. செல்லம் கொடுக்கும் பாட்டி. கல்யாணப் பேச்சு, அதில் முறுக்கிக்கொள்ளும் இரண்டு அப்பாக்கள். நடுநடுவே யாராவது ஒருவர் ஒரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். அதற்குள் இன்னொரு கதை. கடவுள் அடிக்கடி வருகிறார். எந்தப் பெயரும் இல்லாமல் வருகிறார்.

நிறுத்துகிறேன்.

மூச்சு வருகிறது. போகிறது.

மேட்டுப்பாளையம் ரயில் துடியலூரைக் கடக்கிறது. சன்னல் கம்பியில் மெல்லிய அதிர்வு. விரலை வைத்துப் பார்க்கிறேன். அதற்குள் நின்றுவிடுகிறது.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இந்தத் தண்டவாளம் வந்தது 1873-ல். அதற்கு மூன்றாம் வருஷம் தாது வருஷம். 1876 முதல் 1878 வரை பஞ்சம். கோயமுத்தூர் ஜில்லா காய்ந்து கிடக்கிறது. இந்தப் பக்கத்துக் கிழவிகள் வாயில் அந்தப் பெயர் வெகுநாள் இருந்தது. தாது வருசப் பஞ்சம்.

அங்கே மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைக் கஞ்சியாக்கி ஊற்றுகிறார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்க்கிறார். அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடுகிறார். பாடியவர் சிவபக்தர். பாடப்பட்டவர் மாதாவின் பிள்ளை.

கஞ்சியின் சூடு. உள்ளங்கையில் அதை நினைத்துப் பார்க்கிறேன். வருவதில்லை. வயிறு நிறைந்திருக்கிறது.

1878-ல் அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். யார் வேண்டுமானாலும் பாடலாம். யாரை நினைத்தும் பாடலாம். மழை கேட்கிற பாட்டுகள் அதில் உண்டு. லஞ்சம் வாங்குகிறவர்களைக் கடிகிற பாட்டுகளும் உண்டு.

தேவமாதா அந்தாதி தனி. பெரியநாயகி அம்மன் பதிகம் தனி. அவற்றில் பெயர் இருக்கிறது. மகளைப் போல, மகனைப் போலத் தாயைக் கூப்பிடும் பெயர்.

நாவலில் இல்லை.

ஒளித்தாரா. விட்டுவைத்தாரா. இந்த இரண்டு எண்ணமும் மாறி மாறி வருகின்றன. இரண்டையும் வர விடுகிறேன்.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். பால்காரர். பால் ஊற்றும் சத்தம். சைக்கிள் போகும் சத்தம்.

1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப். பிறகு சீர்காழி. பிறகு மாயூரத்தில் பதின்மூன்று வருஷம். நாளெல்லாம் பிராது கேட்கிறார். வாதி பேசுகிறான். பிரதிவாதி பேசுகிறான். சாட்சி பொய் சொல்கிறான், பிறகு அழுகிறான். வாய்க்கால் வரப்பு, பாகப் பிரிவினை, திரும்பாத கடன். தீர்ப்பைத் தமிழில் எழுதுகிறார். மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளை 1862-ல் தமிழாக்கிப் புத்தகமாகவும் போட்டுவிடுகிறார். கதைக்குள்ளும் அது விடாமல் வருகிறது. தமிழ் பேசும் ஊரின் கோர்ட்டில் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. பாத்திரங்களை நிற்க வைத்துவிட்டு அவரே பேச ஆரம்பிக்கிறார். நாவலுக்கு இது நல்லதல்ல என்று இன்று யாரும் சொல்லிவிடலாம். எனக்கு அந்த இடங்கள் பிடித்திருக்கின்றன. அங்கே ஒரு மனிதர் மூச்சு வாங்குவது கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் பூசைக்குப் போகிறார். பீடத்தில் சாமியார் சொல்லும் பூசை லத்தீனில்.

தீர்ப்பு தமிழில். பூசை லத்தீனில். இடையில் முழந்தாளிட்டு ஒருவர்.

அவர் அப்போது என்ன கேட்டார். சொற்களையா, சொற்களுக்கு இடையில் இருந்ததையா.

தூரத்தில் மயில் அகவுகிறது. மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து. ஒன்று. பிறகு பதிலாக இன்னொன்று.

மயில் என்றால் இங்கே காடு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. விதைத்த சோளத்தைக் கிளறிவிடும். தக்காளியைக் கொத்திவிடும். முருகனின் வாகனம் என்பதால் கையோங்கவும் முடியாது. கையோங்கினால் சட்டமும் இருக்கிறது.

மயிலோடு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஃபிளானரி ஓ'கானர். அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலம். 1925-ல் பிறந்தவர். கத்தோலிக்கர். லூபஸ் நோய் வந்து அம்மாவின் பண்ணைக்குத் திரும்புகிறார். அப்பாவைக் கொண்டுபோனதும் அதே நோய். காலையில் பூசை. பிறகு சில மணி நேரம் எழுத்து. மீதிப் பொழுதில் மயில் வளர்க்கிறார். அவர் அம்மாவுக்கும் மயில்கள் ஆகவில்லை. பூச்செடிகளைத் தின்றுவிடுகின்றன.

ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். 1964-ல், 39 வயதில் போய்விடுகிறார். இரண்டு நாவல். முப்பது சொச்சம் சிறுகதை.

அவர் கதைகளிலும் கத்தோலிக்கர்கள் அபூர்வம். சுற்றிலும் இருந்த புராட்டஸ்டண்டு ஜனங்கள். ஊர் ஊராகப் போகும் பிரசங்கிகள். பைபிள் விற்க வந்து ஒரு பெண்ணின் மரக்காலைத் திருடிக்கொண்டு ஓடும் இளைஞன். ஒரு குடும்பத்தையே சுட்டுவிட்டு ஏசுவைப் பற்றிப் பேசும் கொலைகாரன்.

அருள் வருகிறது. அடி விழுகிற மாதிரி வருகிறது.

மாயூரத்துக்காரர் கதையில் யாருக்கும் அப்படி அடி விழுவதில்லை. திருடன் திருந்துகிறான். பிரிந்தவர்கள் சேருகிறார்கள். உலகம் சற்றே சிரித்துக்கொண்டே சரியாகிவிடுகிறது.

சரியாகிவிடுமா என்று மனம் கேட்கிறது. கேட்டுவிட்டு வேறெங்கோ போகிறது.

அடுப்பில் ஏதோ தாளிக்கிறார்கள். கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலை.

இருவரும் வாழ்நாள் முழுக்க லத்தீன் பூசையே கண்டவர்கள். ஓ'கானர் ஆகஸ்டில் கண்ணை மூடுகிறார். அதே 1964-ம் வருஷம் நவம்பர் கடைசியில் அமெரிக்கக் கோயில்களில் பூசை இங்கிலீஷுக்கு மாறுகிறது.

எழுத்தில் வட்டார வழக்கைப் பிடித்தவர் அவர். பண்ணைக்காரர் பேச்சு, வேலைக்காரர் பேச்சு, குறைச்சல் கூடுதல் இல்லாமல். பூசையில் அந்தப் பேச்சைக் கேட்காமலே போனார்.

வேதநாயகம் பிள்ளைக்கும் முன்னால் ஒருவர். வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைச் சாமியார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களை ஒரு குருவின் பின்னால் அனுப்பிவிட்டுச் சிரிக்கிறார். குருவைக் கேலி செய்யும் கதையை ஒரு குருவே எழுதியது. யோசித்தால் இதழோரம் அசைகிறது.

முதல் தூறல். தகரக் கூரையில் ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று.

மழை இல்லை. நின்றுவிட்டது.

ஞானாம்பாள் வரும் பக்கத்துக்குத் திரும்புகிறேன். பிரதாப முதலியார் பெயரில் உள்ள நாவல். நினைவில் நிற்பது அவர் மனைவி. புருஷன் காணாமல் போகிறான். அவள் ஆண் வேடம் போட்டுத் தேடிப் போகிறாள். விக்கிரமபுரியில் ராஜா இல்லை. பட்டத்து யானை மாலையோடு வருகிறது. கூட்டத்தில் அவள் கழுத்தில் போடுகிறது. அவள் ராஜாவாகிறாள். நன்றாக ஆளுகிறாள்.

வேடம் யாருக்கும் தெரியவில்லை. நீதி தெரிகிறது.

பெண்களுக்காகத் தனி நூல்கள் எழுதியவர். பெண்மதி மாலை, 1869. அந்த விருப்பம் கதையில் கிரீடம் வைத்துக்கொள்கிறது. அவருடைய விசுவாசம் அங்கே என்ன வைத்துக்கொள்கிறது. கஞ்சித் தொட்டியில் இருந்ததா. தீர்ப்பின் மையில் இருந்ததா. யானையின் துதிக்கையில் இருந்ததா. கேள்வி எழுகிறது. பார்க்கிறேன். அதுவாகவே தணிகிறது.

கால் மரத்திருக்கிறது. மாற்றி உட்காருகிறேன். எறும்பு ஊர்வது போல ரத்தம் திரும்புகிறது.

முன்சீப்பிடம் வருகிறவன் தன் பக்கத்தை மட்டும் சொல்கிறான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுகிறவன் தன் குற்றத்தை மட்டும் சொல்கிறான். கதைக்குள் வருகிறவன் இரண்டையும் சொல்லலாம். எதையும் சொல்லாமலும் இருக்கலாம். கேட்பவருக்கு எங்கும் ஒரே வேலை.

மாயூரத்தில் அவர் முன்னால் நின்றவர்களில் எத்தனையோ பேர் வேறு சாமியைக் கும்பிட்டவர்கள். அவர்கள் குரல்தான் நாவலில் நடமாடுகிறது. தன் வீட்டுச் செபத்தை அவர்கள் வாயில் வைக்கவில்லை.

இதைப் பணிவு என்று எழுதி, அடிக்கிறேன். சாமர்த்தியம் என்று எழுதி, அதையும் அடிக்கிறேன்.

அவர் 1889-ல் காலமாகிறார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு இரண்டாவது நாவல். சுகுண சுந்தரி. அதை அதிகம் பேர் படிப்பதில்லை. என்னிடமும் இல்லை. நாளை நூலகத்தில் கேட்கவேண்டும்.