இரவல் குரல்

பழனிசெட்டிபட்டியில் எந்த வீட்டில் மங்கல நிகழ்ச்சி நடந்தாலும் விடியுமுன்னே ரேடியோ செட் கட்டிவிடுவார்கள். மரக்கிளையில் ஏற்றிய குழாய்களிலிருந்து முதலில் பக்திப் பாடல்கள் வரும். வெயில் ஏறியதும் கதை வசனம் தொடங்கும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முடிந்தால் 'திருவிளையாடல்'. சித்திரைத் திருவிழாவுக்காக மக்கள் வீரபாண்டிக்குச் சாரிசாரியாய்ப் போகும் நாள்களில் கேட்கவே வேண்டாம். முல்லையாற்றில் குளிக்கப்போகும் சிறுவர்களாகிய நாங்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டே, சிவாஜி கணேசன் சொல்லுமுன் அவர் வசனத்தைச் சொல்லி முடிப்போம். அவர் எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லை அழுத்துவார் என்பதெல்லாம் அத்துப்படி. பொருள் மட்டும் பாதிக்குமேல் தெரியாது.

அந்த நாள்களில் பள்ளியில் நடந்த ஒப்புவித்தல் போட்டியொன்றில் பாரதியார் பாடலைச் சொல்லி நாம் முதற்பரிசு பெற்றோம். கைதட்டல் ஓய்ந்தபின் தமிழாசிரியர் அருகில் அழைத்தார். "பாட்டு பாரதியாருடையது. குரல் கணேசனுடையது. இதிலே நீ எங்கேயப்பா இருக்கிறாய்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் எப்போதோ தொலைந்துவிட்டது. அந்தக் கேள்வி தொலையவில்லை.

தான் உணராத ஒன்றை உணர்ந்தவர்போல் சொல்வது பொய்யாகுமா? நடிகர்களைப் பற்றிய கேள்விபோல் தோன்றினாலும், பிறர் எழுதிய சொற்களைப் பிறருக்கு வாசித்துக்காட்டும் எல்லாரையும், வாசக மேடையில் ஏறும் நம்மையும்கூட, இது தொடுகிறது.

டி.கே. சண்முகம் 'அவ்வையார்' நாடகத்தில் மூதாட்டியாக வந்து தமிழ்ப் பாட்டுகளைச் சொன்னார். ஆண்மகன், அப்போது கிழப்பருவமும் எய்தாதவர். ஆயினும் மக்கள் அந்த மூதாட்டியின் பெயரையே அவருக்குச் சூட்டி 'அவ்வை சண்முகம்' என்றழைத்தார்கள். சென்னையில் ஒரு சாலைக்கும் இன்று அதுவே பெயர். ஏமாற்றப்பட்டோம் என்று யாரும் வழக்குத் தொடுக்கவில்லை!

வியப்பென்னவென்றால், இதே போன்றதொரு வேடத்தைப் பற்றிப் புனித அகுஸ்தினார் எண்ணிப் பார்த்திருக்கிறார். உரோஸ்கியுஸ் என்னும் உரோமை நடிகர் மேடையில் எக்குபா என்ற அரசியாக வருகிறார். அவர் பொய்யான எக்குபா. ஆனால் அப்படிப் பொய்யான எக்குபாவாக இருப்பதனாலேயே அவர் மெய்யான நடிகர் என்று தம் 'தனிமொழிகள்' நூலில் சொல்கிறார். சில பொருள்கள் மெய்யாக இருப்பதற்கே ஒரு பொய் வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட முடிச்சு. வஞ்சிக்கும் எண்ணம் இல்லாத இடத்தில் பொய்யென்னும் குற்றமும் இல்லை. கேட்பவனுக்கு மேடை என்று தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். ஆகவே நடிகரை விட்டுவிடலாம்.

ஆனால் மேடை எங்கே முடிகிறது என்பது எப்போதும் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. நம் தேனித் தொகுதியே அதற்குச் சாட்சி. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, 'பராசக்தி'யில் (1952) ஞானசேகரனாக வந்து, பிசிறில்லாத தமிழ் உச்சரிப்பால் பெயர்பெற்ற எஸ்.எஸ். இராஜேந்திரன் 1962 தேர்தலில் இங்கே நின்று வென்றார். பிறர் எழுதிய வசனங்களால் நம் வீடுகளுக்குள் வந்த குரல், இப்போது தன் பெயரால் வாக்குக் கேட்டது. வாக்களித்தவர்கள் எதை நம்பினார்கள்? கொள்கையையா, குரலையா? இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களாலேயே முடிந்திருக்குமா என்பது ஐயமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகிய குரலை நம்புவது மனித இயல்பு.

கேட்பவரின் இந்தச் சிக்கலையும் அகுஸ்தினார் விட்டுவைக்கவில்லை. 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் உருக்கும்போது தாம் பாவம் செய்வதாக ஒப்புக்கொண்டு, அப்படிப்பட்ட வேளையில் அந்தப் பாட்டைக் கேளாதிருப்பதே நலம் என்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் திருப்பாடலை வாசிப்பவரிடம், பாட்டென்று சொல்வதைவிடப் பேச்சென்று சொல்லுமளவுக்கு ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாராம். அதுவே பாதுகாப்பான வழி என்று ஒருகணம் தோன்றுகிறது. மறுகணமே, மனம் திரும்பிய புதிதில் கோவிலில் கேட்ட பாட்டுகளுக்குத் தாம் சிந்திய கண்ணீர் நினைவுக்கு வருகிறது. இவ்வளவு பெரிய அறிவாளி இப்படித் தடுமாறுவது நமக்கு ஆறுதலாக இருக்கிறது.

அவர் காலத்தில் குரல் காற்றோடு போயிற்று. இன்று குரல் தங்கிவிடுகிறது, சிக்கல் இறுகிவிட்டது. கவிதையை நடிகர் சொல்லக் கேட்பதைப் பெரும் மரபாகவே போற்றும் நாடு அங்கேரி. கவிஞர் அத்தில்லா யோசெப் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாளை 1964 முதல் அங்கே கவிதை நாளாகக் கொண்டாடுகிறார்கள். வறுமையிலும் மனநோயிலும் உழன்ற அக்கவிஞர் 1937இல் பாலட்டோன் ஏரிக்கரை ஊரொன்றில் இரயிலில் அடிபட்டு மாண்டார். அவர் கவிதைகளை ஒலித்தட்டில் சொல்லிப் புகழ்பெற்ற நாடக நடிகர் சோல்தான் லாத்தினோவிச்சும் 1976இல் அதே ஏரிக்கரையில், அருகிலுள்ள வேறோர் ஊரில், இரயிலில் அடிபட்டே மாண்டார். அதன்பின் அந்த ஒலித்தட்டைக் கேட்பவர், யாருடைய துயரத்தைக் கேட்கிறார்? கவிஞனுடையதையா, நடிகனுடையதையா? எழுதியவனின் வரி சொன்னவனின் சாவோடு ஒட்டிக்கொண்டால், இனி யார் வந்து அதை வேறுவிதமாகச் சொல்ல முடியும்? நடிகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் மெய் மற்றவர் வாய்களை அடைத்துவிடுகிறது.

1921இல் மறைந்த பாரதியாரின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்ட காலம் அது என்று எண்ணும்போது நெஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) வந்தபின் எங்கள் தலைமுறைக்குப் பாரதியின் முகம் எஸ்.வி. சுப்பையாவின் முகமாயிற்று. ஆனால் அந்தக் குரல் நின்றிருந்தால், ஆற்றில் நின்ற சிறுவர்கள் அதைத்தான் நகலெடுத்திருப்போம். இன்று பாரதியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய்ச் சொல்கிறார்கள். அவற்றில் பல கேட்கச் சகிக்காதவை. அந்தச் சகிக்காமையையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தத் தமிழாசிரியர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அடக்கத்துக்கு முன், அவருக்குப் பிடித்த பாரதியார் பாட்டைச் சொல்லும்படி மகன் நம்மைக் கேட்டார். எவ்வளவோ மேடை கண்டிருந்தும் நடுவிலே ஒரு வரி மறந்துபோயிற்று. குரல் கம்மிற்று. கணேசன் வரவில்லை, யாருமே வரவில்லை. எப்படியோ முடித்து இறங்கினோம். மகன் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரியும்.

முதலாண்டு நினைவுநாளில் அந்தப் பதிவையே போட்டார்கள். இரண்டாம் ஆண்டும் அதுவே. நமக்குக் கூச்சமாக இருந்தது. "தம்பி, அதை அழித்துவிடுங்கள், அடுத்த ஆண்டு பேரப்பிள்ளைகளில் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்" என்றோம். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். "அழித்துவிடலாம் ஐயா, ஆனால் அம்மா தினமும் காலையில் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் வரியை மறந்து நிற்கிற இடம் வந்ததும், அந்த வரியை அவர்களே சொல்கிறார்கள்" என்றார்.