காணாமையும் இல்லாமையும்
உலாவியில் 192.168.1.1 என்று தட்டியும் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்காவிட்டால், பக்கமே இல்லை என்று முடிவுகட்டலாமா? இந்தியத் தத்துவத்திலும் இக்கேள்வி உண்டு. மீமாம்சை மரபின் தத்துவவாதி குமாரில பட்டர் காணாமையையும் தனி அறிவு வாயிலாகக் கொண்டார். நியாய மரபினர் அதைத் தனியே ஏற்கவில்லை. ஆனால் இரு தரப்பும் ஏற்ற நிபந்தனை ஒன்றுண்டு: இருந்திருந்தால் கண்டிருக்க வேண்டிய சூழலில் காணாததே இல்லாமைக்குச் சான்று. இருட்டறையில் குடம் தெரியாதது எதையும் நிறுவாது. மிகக் கூர்மையான வரம்பு இது.

ரவுட்டரிலும் முதலில் சோதிக்க வேண்டியது அந்தச் சூழலைத்தான். கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருக்கலாம், விபிஎன் குறுக்கிடலாம், முகவரியே 192.168.0.1 ஆக இருக்கலாம். வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று காட்டும் எண்ணையே நம்ப வேண்டும். இவை சரியான பின்னும் பக்கம் வராவிட்டால்தான் பழுதைச் சந்தேகிக்க இடமுண்டு. அதற்குமுன் ரீசெட் பொத்தானை அழுத்துவது தவறு. சேமித்த அமைப்புகள் அழிந்துவிடும்.