இதைச் சொன்னது யார், அத்தா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் வியாபாரிகள். மூட்டை வந்து இறங்கினால் பில் எங்கே என்று கேட்கிறோம். ஐம்பது வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் பெட்டியில் போடுகிறோம். முன்பின் அறியாதவர் கடன் கேட்டால், ஊர் எது, யாருடைய பிள்ளை, முன்பு யாரிடம் வேலை பார்த்தார் என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் ஒரு காசு நகராது. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள நாம், சமாச்சாரம் என்று வந்துவிட்டால் மட்டும் பில் கேட்பதில்லை. கைப்பேசியில் வந்தது, படித்தோம், நெஞ்சு கொதித்தது, அடுத்த நிமிஷம் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டோம். வந்த சரக்கைப் பிரித்துக்கூடப் பாராமல் வாடிக்கைக்காரர் தலையில் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் ஆலிம் அல்லன். மத்ரஸாவில் ஓதியவன், ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன். ஆகவே ஓதிக்கொடுத்த பெரியவர்களிடம் கேட்டதையும், கடையில் உட்கார்ந்து கண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது ஆயத்து நம்மில் பலருக்குத் தெரிந்ததே. நம்பத்தகாதவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் முதலில் தெளிவாக விசாரித்துக்கொள்ள வேண்டும், விசாரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு கைசேதப்படக் கூடாது என்ற கருத்தில் அல்லாஹுத்தஆலா அங்கே கட்டளையிடுகிறான். இந்த ஆயத்து இறங்கிய காரணத்தைத் தப்ஸீர்களிலே சொல்லியிருக்கிறார்கள். பனூ முஸ்தலக் கூட்டத்தாரிடம் ஜகாத்து வசூலித்து வரும்படி வலீத் இப்னு உக்பா என்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தார் அவரை வரவேற்கத் திரண்டு வந்தார்கள். அறியாமைக் காலத்துப் பழைய பகை ஒன்று இடையில் இருந்தபடியால், தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சி அவர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ஜகாத்துத் தர மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று மதீனாவில் சொல்லிவிட்டார். படை புறப்பட வேண்டிய நிலைமை வந்துவிட்டது. உண்மை பின்னர்தான் வெளியாயிற்று.

இதிலே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் ஜனத்திரளைக் கண்டது வாஸ்தவம். கண்ணால் கண்ட காட்சி பொய்யில்லை. அந்தக் காட்சிக்கு அவர் கொடுத்த அர்த்தந்தான் பிழை. அவரைக் குறை பேசுவது நம் வேலையன்று. ஆனால் படம் உண்மையாயிருந்தும் செய்தி பொய்யாகலாம் என்ற பாடம் நமக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஹதீஸ் கலையை நம் இமாம்கள் கட்டியதும் இந்த அடித்தளத்தின் மேல்தான். ஒரு வாக்கியம் நபியவர்கள் சொன்னதாக வந்தால், உனக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் இவரை நேரில் சந்தித்தாரா, ஞாபகசக்தி உள்ளவரா, பொய் பேசியதுண்டா என்று ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். அதற்கு ஸனது என்று பெயர். ஹிஜ்ரி 256-ல், அதாவது 870-ல், வபாத்தான இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சுமார் 6,00,000 ரிவாயத்துகளிலிருந்து தெரிந்தெடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களுடைய ஸஹீஹில் இடம்பெற்றவை, திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 7,000-க்குச் சற்று அதிகம். மற்றதெல்லாம் பொய் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் வைத்த நிபந்தனை அத்தனை கடுமை. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் கிதாபின் முகவுரையில், காதில் விழுந்ததையெல்லாம் திருப்பிச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற பொருளுள்ள ஹதீஸைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதே முகவுரையில் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் ஒரு கருத்தும் உண்டு. ஆரம்பத்தில் ஜனங்கள் ஸனதைக் கேட்கவில்லையாம், குழப்பம் தோன்றிய பிறகே அறிவித்தவர் பெயரைச் சொல்லும்படி கேட்கலானார்களாம். நம் காலம் எந்தக் காலம் என்பதை நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வூர்த் தேசிய நூலக வாரியம் 2013-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு ஷ்யூர் என்று பெயர். நிச்சயம் என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லில் உள்ள நான்கு எழுத்துகளும் நான்கு வேலைகளைக் குறிக்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார், அவர் அதைச் சொல்லத் தகுதியுள்ளவரா என்று பார்ப்பது முதலாவது. எழுதியிருப்பதில் நடந்த விஷயம் எது, எழுதியவரின் சொந்த அபிப்பிராயம் எது என்று பிரித்து விளங்கிக்கொள்வது இரண்டாவது. அந்த ஒன்றோடு நில்லாமல் வேறு இடங்களிலும் தேடி ஒப்பிடுவது மூன்றாவது. எல்லாப் பக்கத்தையும் எடைபோட்டுப் பிறகு முடிவுக்கு வருவது நான்காவது. நூலகத்தார் பள்ளிக்கூடங்களுக்கு வந்து இதை எடுத்துச் சொல்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் வேண்டிய சாதனங்களைக் கொடுக்கிறார்கள். பள்ளி நூலகம் என்றால் கதைப் புத்தகம் இரவல் வாங்கும் அறை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் அங்கே ஒரு படத்தைக் கொண்டே அந்தப் படம் முதலில் எங்கே வெளிவந்தது என்று தேடக் கற்கிறார்கள்.

இது காபிர்களின் படிப்பு, நமக்கெதற்கு என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். அவரிடம் நான் கேட்டேன்: முதல் எழுத்துக்கு ஸனது என்றும், இரண்டாவதுக்கு மத்னை ஆராய்வது என்றும் பெயர் வைத்தால் உங்களுக்குச் சம்மதமா? பெயர்தான் ஆங்கிலம். வேலை நம் பாட்டனார்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்த வேலை.

பத்திரிகைத் தொழிலும் நமக்குப் புதிதன்று. 1887-லேயே மகுதூம் சாயபு அவர்கள் இவ்வூரில் ‘சிங்கை நேசன்’ நடத்தினார்கள். ஆகவே செய்தியின் நன்மையும் கெடுதியும் இரண்டுமே நமக்குப் பழகியவைதாம்.

டோபி காட்டில் இருப்பவர்களுக்கு இதைத் தூரத்து உதாரணங்களால் விளக்க வேண்டியதில்லை. சலவைக்காரர்கள் ஓடையில் துணி துவைத்து உலர்த்திய இடம் என்பதால் வந்த பெயர் இது. ஒவ்வொரு துணியிலும் சலவைக்குறி இருக்கும், குறியில்லாத துணி யாருடையதென்று சொல்ல முடியாது. இங்கே நிற்கிறதே கேத்தே கட்டிடத்தின் முகப்பு, அந்தக் கட்டிடம் ஜப்பான்காரர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அவர்களுடைய பிரசாரத்துக்கும் வானொலிக்கும் இருப்பிடமாக இருந்தது. வெளிநாட்டு வானொலி கேட்பது அப்போது குற்றம். ஒரு வாய் மட்டும் பேசிற்று, ஒத்துப் பார்க்க இன்னொரு வாய் இல்லை. இன்றைக்கு ஆயிரம் வாய் பேசுகிறது. ஒத்துப் பார்க்க வசதியிருந்தும் நாம் முதல் வாயோடு நின்றுவிடுகிறோம்.

இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பாடாங். 1950 டிசம்பர் 11-ல் அங்கே, உயர்நீதிமன்றத்தின் வெளியே, என்ன நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜாவாவில் டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, சே அமினா என்ற முஸ்லிம் அம்மையாரிடம் நத்ரா என்ற பெயரில் வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற 13 வயதுப் பெண்ணின் வழக்கு அது. பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, அந்தப் பெண்ணை ஒரு கிறிஸ்தவ மடத்திலே வைத்தார்கள். அந்த மடத்தில் எடுத்த படங்கள் ஆங்கிலப் பத்திரிகையிலும் மலாய்ப் பத்திரிகையிலும் வெளிவந்தன. நம் தமிழர்களுக்கு ‘மலாயா நண்பன்’ ஆசிரியராகப் பழக்கமான கரீம் கனி அவர்களின் ‘டான்’ ஆங்கிலப் பத்திரிகையும் இந்த விவகாரத்தில் மிகக் காரமாக எழுதிற்று. அப்பீல் தள்ளுபடியானதும் கலவரம் மூண்டது. 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள்.

முஸ்லிம்களின் மனம் புண்பட்டதில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. அந்தப் படங்களும் பொய்ப் படங்கள் அல்ல. ஆனால் ஒரே படம் ஒரு சாராருக்கு, பிள்ளை சுகமாக இருக்கிறது என்று சொல்லிற்று. இன்னொரு சாராருக்கு, நம் பெண்ணின் ஈமானைப் பறிக்கிறார்கள் என்று சொல்லிற்று. பஸ்ஸிலிருந்து இழுத்து அடிக்கப்பட்ட மனிதர்களுக்கும் அந்த வழக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுக் கைசேதப்படுவது என்று ஆயத்து எச்சரித்ததன் விளக்கம் இதைவிட வேறென்ன? பனூ முஸ்தலக் விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

நம் ஊரிலும் இந்தத் துன்பம் வந்திருக்கிறது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைபிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணியை ஜனங்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே வருஷம் கேரளத்துக் கண்ணூரில், அங்கே கலெக்டராயிருந்த மீர் முகம்மது அலி அவர்கள், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் பாடத்தை நடத்தச் செய்தார்கள். தடுப்பூசியைப் பற்றிய வதந்தியால் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததைக் கண்டபிறகு எடுத்த முயற்சி அது. இவ்வூரிலோ பொய்ச் செய்திக்கு எதிரான சட்டமே 2019 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது. சட்டம் பொய் பரவிய பின் வரும். பிள்ளையின் பழக்கம் அதற்கு முன் வரும்.

வியாபாரத்தோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈ என்ற எழுத்தும் நம்பரும் போட்ட ஒரு நீளமான பட்டியல் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈ 471 என்றால் பன்றிக் கொழுப்பு, வாங்காதீர்கள் என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியலைக் காட்டி, அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்களை என் கடை வாடிக்கைக்காரர்கள் ஒதுக்கியதுண்டு. விஷயம் என்னவென்றால், ஈ 471 என்பது ஒருவகைக் கொழுப்பிலிருந்து செய்யும் பொருள். அந்தக் கொழுப்பு செடியிலிருந்தும் வரலாம், பிராணியிலிருந்தும் வரலாம். நம்பரை மட்டும் பார்த்து ஹலால் என்றும் சொல்ல முடியாது, ஹராம் என்றும் சொல்ல முடியாது. முயிஸின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி, அதைச் சரிபார்க்கவும் அவர்களே வசதி வைத்திருக்கிறார்கள். பேணுதல் என்ற நல்ல எண்ணத்தில்தான் இதை அனுப்புகிறார்கள். ஹலாலான பொருளை விசாரியாமல் ஹராம் என்று ஊருக்கெல்லாம் சொல்வது பேணுதலில் சேருமா என்று ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பள்ளியில் இந்தப் பாடம் படித்த பிள்ளை, நாம் ஆவேசத்தோடு படித்துக் காட்டும் செய்தியைக் கேட்டுவிட்டு, இதைச் சொன்னது யார், அத்தா, என்று கேட்கும். நம் பதில் என்னவாக இருக்கிறது? எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று அதட்டினால், பிள்ளை ஒன்று கேட்பதை விட்டுவிடும், அல்லது நம்மை மதிப்பதை விட்டுவிடும். இரண்டும் நஷ்டமே. நூலகம் நாலு வருஷம் பாடுபட்டுக் கட்டியதை நாம் ஓர் இரவுச் சாப்பாட்டில் இடித்துவிடுகிறோம்.

கேட்கிற பிள்ளைக்கும் அதபு வேண்டும். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையிடம் பேசியதைச் சூரத்து மர்யமிலே பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் என் அருமைத் தந்தையே என்று அழைக்கிறார்கள். உங்களுக்கு வராத ஓர் அறிவு எனக்கு வந்திருக்கிறது என்ற கருத்தையும் அந்த மரியாதையோடுதான் சொல்கிறார்கள். அந்தத் தந்தையின் நிலை வேறு, நம் நிலை வேறு. பேசிய விதத்தை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹுஜுராத்து சூராவிலேயே, ஆறு ஆயத்துகள் தள்ளி, அதிகமான சந்தேகத்தையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. யார் என்ன சொன்னாலும் பொய், டாக்டர் சொன்னாலும் பொய், ஆலிம்சா சொன்னாலும் பொய் என்று பிள்ளை அலட்சியமாகத் திரிந்தால் அது விசாரணை ஆகாது. விசாரிக்கிறவன் சிரமப்பட்டுத் தேடுகிறான், கிடைத்தால் ஒப்புக்கொள்கிறான். சந்தேகப்படுகிறவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

நம் மத்ரஸா உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸனது என்ற பாடம் நடத்தும் அன்று, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியையும் பிள்ளைகள் முன் வைத்து, இதற்கு ராவி யார் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் மறக்காது. பழைய பத்திரிகைகளைத் தேசிய நூலகத்தார் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள். 1950 டிசம்பர் மாதத்து இதழ்களை அதிலே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஒரே நாள் செய்தியை இரண்டு பத்திரிகைகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

சங்கத்தார் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பிள்ளைகளை விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தால், கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு நானும் கூடவே வருகிறேன். இருபது பிள்ளைகள் வரை ஆகும் வேன் வாடகையில் பாதி என்னுடையது. மீதிப் பாதிக்கு யார் முன்வருகிறீர்கள் என்பதை ஜும்ஆவுக்குப் பிறகு செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.