மாக்கோழியும் காகித வட்டமும்

காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்து, கொல்லைப்புறச் சுவரில் காகித வட்டத்தை ஒட்டி, பத்து மீட்டர் தொலைவில் நின்று குறிபார்த்துச் சுடும் ஆர்வம் இக்காலப் பிள்ளைகளிடம் வளர்ந்து வருகிறது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இவ்விளையாட்டில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் முதலிடம் பெற்றார். ஆகவே பிள்ளைகளின் கண் இத்துறையின்மேற் சென்றதில் வியப்பில்லை. "உயிர் எதுவும் சாகவில்லையே, காகிதந்தானே கிழிகிறது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட வீட்டிற்குள் துப்பாக்கியா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அதட்டி வாயடைக்கக்கூடிய கேள்வியன்று இது.

கருவியை முதலில் அறிந்துகொள்வோம். இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஈயக் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. பத்து மீட்டர் போட்டியில் முழு மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. மூச்சை அடக்கி, உடலை அசைவறுத்து நின்றாலன்றி அப்புள்ளி கிட்டாது. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுடைய துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கேட்டது சட்டத்தைப் பற்றியன்று.

இக்கேள்விக்கு யசோதர காவியத்தைவிட நெருக்கமான நூல் நம்மிடம் வேறில்லை. தீக்கனவின் கேடு நீங்க உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி கூற, யசோதர மன்னன் அதனை மறுத்துவிடுகிறான். பின்னர் அவள் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழி ஒன்றைத் தேவிக்குப் பலியிடுகிறான். சிந்தியது குருதியன்று, கெட்டது ஒரு பிடி மாவு. அவ்வாறிருந்தும் தாயும் மகனும் மயிலும் நாயுமாய்த் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று துன்புற்றனர். இளம்வயதில் இக்கதையைக் கேட்டபோது, மாவுக்கு இத்தனை தண்டனையா என்று நம்மில் பலரும் நினைத்திருப்போம். ஆனால் அவன் வெட்டியது மாவையன்று, கோழியை. அவன் கருத்தில் அது கோழியாகவே நின்றது. அவ்வாறு நில்லாவிடில் அது பலியாகவே ஆகியிராது. புறத்தே உயிர் போகாதபோதும் அகத்தே கொலை முற்றுப்பெறும் என்பதனாலன்றோ நம் ஆசிரியர்கள் பாவ இம்சை, திரவிய இம்சை என இரண்டாகப் பிரித்தார்கள்!

இந்த அளவுகோலைக் கொல்லைப்புறத்திற்குக் கொண்டுவருவோம். கறுப்பு வட்டம் எவ்வுயிரின் வடிவமும் அன்று. அதனை நோக்கி நிற்கும் பிள்ளையின் உள்ளத்தில் கொல்லும் எண்ணம் எழ வேண்டிய தேவையில்லை. எழுதுகோலால் புள்ளியின்மேற் புள்ளி வைக்க முயலும் செயல் போன்றதே அது. ஆதலால் வட்டத்தைச் சுடுவதை மாக்கோழியோடு ஒன்றாக வைப்பது முறையாகாது என்பது என் துணிபு. எனினும் எல்லா இலக்குகளும் வட்டமல்ல. மெக்சிகோ நாட்டில் தோன்றிய ஒருவகைக் குறிசுடும் போட்டியில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றின் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். காற்றுத் துப்பாக்கிக்கென அவற்றையே சிறியனவாகச் செய்து விற்கிறார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள்; இன்று மண் தட்டுகள்தாம் பறக்கின்றன, ஆயினும் அத்தட்டிற்கு ஆங்கிலத்தில் இன்னும் புறா என்றே பெயர். உயிரிலிருந்து மண்ணுக்கு வந்தது நன்றே. ஆனால் யசோதரனும் உயிரை விட்டு மாவுக்கு வந்தவன்தானே? இரும்புக் கோழி சாயும்போது கைதட்டி மகிழும் பிள்ளை எதற்காக மகிழ்கிறான் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர் வடிவ இலக்கு எதுவும் நம் வீட்டில் வேண்டா என்று தயங்காமற் சொல்வேன்.

அக்காவியத்தில் இன்னோர் இடமும் உண்டு. தாயும் மகனும் இறுதியில் இரு கோழிகளாய்ப் பிறந்து, அறவுரை கேட்டு, மகிழ்ந்து கூவுகின்றனர். யசோதரனின் மகனாகிய யசோமதி, ஒலி வந்த திசை நோக்கி எய்யும் தன் வில்திறத்தைத் தேவிக்குக் காட்ட அம்பு விடுகிறான். இரு கோழிகளும் மடிகின்றன. பகையில்லை, பசியில்லை, வேள்வியுமில்லை. திறமையைக் காட்டும் ஆசை ஒன்றே தந்தையையும் பாட்டியையும் கொன்றது. வட்டத்தில் பத்துக்குப் பத்து எடுத்த பிள்ளைக்கு அடுத்தபடியாக எதைச் சுட்டுக் காட்டலாம் என்று தோன்றும்? வேலியின்மேல் ஓணான் உட்கார்ந்திருக்கும். பல்லாண்டுகள் பிள்ளைகளோடு பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், கை பழகியதைக் கண் தேடும்.

"இது தியானம் போன்றது பாட்டி, மனம் ஒருமைப்படுகிறது" என்று சொல்லும் பேரப்பிள்ளைகளும் உண்டு. மனம் ஒருமைப்படுவது உண்மையே. ஆனால் நம் நூல்கள் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுத்து, துன்புறுத்துவதில் இன்பங்காணும் ஒருமையை ரௌத்திரத்துள் வைத்துள்ளன. குளக்கரைக் கொக்கின் ஒருமைப்பாட்டை எவரும் குறை கூற இயலாது! கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் படைத்தலைவர் அல்லரோ என்று கேட்போரும் உளர். நாடு காக்கும் பொறுப்பில் நேரும் விரோத இம்சையின் பேச்சு அது. கொல்லைப்புறத்தில் நமக்குப் பகைவர் எவர்?

இல்லறத்தார்க்குரிய அனர்த்த தண்ட விரதமே இங்கே நெருங்கி ஆராயத்தக்கது. பயனின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு நேரச் செய்யாமை அதன் கருத்து. அதன் வகைகளுள் கவனமின்றி நடக்கும் பிரமாதசரியை ஒன்று. கொலைக் கருவியைப் பிறர்க்குக் கொடுக்கும் இம்சாதானம் மற்றொன்று. குறி தவறிய குண்டு மதிலைத் தாண்டினால் சில நூறு மீட்டர் செல்லும்; கருங்கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். தரையில் சிதறிக் கிடக்கும் ஈயக் குண்டுகளைப் புறாவும் கோழியும் இரைப்பையில் அரைப்பதற்கான சிறுகல் என்று பொறுக்கி விழுங்கும். ஈயம் அவற்றிற்கு நஞ்சு. பறவையைக் குறிபார்க்காமலே பறவையைக் கொல்லலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வெறுஞ்சுவரில் காகிதம் ஒட்டிச் சுடுவதை ஏற்க இயலாமைக்கு இதுவே காரணம். குண்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும் பெட்டியும், அதன் பின்னே மணல் மூட்டைத் தடுப்பும் அமைத்து, சுட்டவன் எண்ணிப் பொறுக்கிக் கை கழுவிய பின்னரே உணவுக்கு அமர வேண்டும்.

இம்சாதானம் இதனினும் கடினமானது. துப்பாக்கி வீட்டில் இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். அண்டை வீட்டார், "அணில் கொய்யாவை எல்லாம் கடித்துவிடுகிறது, அரைமணி நேரம் கொடுங்கள்" என்று வந்து நின்றால் என்ன சொல்வோம்? அரிவாளும் உலக்கையும் கேட்டபோதெல்லாம் கொடுத்துப் பழகிய வீடு இது. இல்லையென்றால் உறவு கசக்கும். கொடுத்தால் அந்த அணிலின் இறப்பில் நமக்கும் பங்குண்டு. பிறந்தநாள் பரிசாகத் துப்பாக்கி வாங்கித் தரும் மாமனும் தாத்தாவும் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தார்களா? பதின்மூன்று வயதுப் பிள்ளையை வாசலில் அந்த மறுப்பைச் சொல்லுமாறு நிறுத்துவது நியாயமன்று. பெரியவர்களாகிய நாமே, "எங்கள் வீட்டில் அது காகிதத்திற்கு மட்டுந்தான்" என்று சொல்லி, வேண்டுமானால் கொய்யா மரத்திற்கு வலை கட்ட ஆள் அனுப்பலாம்.

என்னைக் கேட்டால், கருவி நம் வீட்டில் தங்காமலிருப்பதே மேல். பிள்ளைக்கு உண்மையான ஆர்வமிருந்தால், கண்காணிப்புடைய பயிற்சிக் கூடத்திற்கு வாரம் இரு நாள் அழைத்துச் செல்லலாம். அங்கே துப்பாக்கியும் குண்டும் பூட்டில் இருக்கும், இலக்கும் வட்டமாகவே இருக்கும். பேருந்துச் செலவும் பாதி நாளும் போகும்தான். அச்செலவைக் குடும்பம் ஏற்றுக்கொள்ளட்டும்.